மரைகள் வாசலுக்கு வந்த பங்களா

நேயர்களுக்கு வணக்கம்.

1979ஆம் ஆண்டு தை மாதம். ஆசிரியத் தொழிலுக்கு வந்து எனக்கு இரண்டாவது வருடம். நண்பர் ஒருவரும் நானும் இலங்கை மலைநாட்டின் ஓஹிய நிலையத்தில் புகையிரதத்தை விட்டு இறங்கி, மலைப்பாதையில் ஏறக்குறைய 11 கிலோமீற்றர் ஏறி நடந்தோம். காடு முடிந்த இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல். அதுதான் ஹோர்ட்டன் சமவெளி. புல்வெளியின் ஓரத்தில் ஒரு பழைய பங்களா. ஃபார் இன் என்பது அதன் பெயர். அப்போது அது பயணிகள் தங்கும் வாடிவீடு. மண்ணெண்ணெய் விளக்கு, கணப்பில் விறகு, இரண்டு கம்பளிக்கும் அடங்காத குளிர். விடிந்து பார்த்தால் புல்லின்மேல் வெள்ளையாக உறைபனி.

ஆங்கிலத்தில் ‘ஃபார்’ என்றால் தூரம். ஆகவே தூரத்து விடுதி என்று நானாகப் பொருள் கொண்டிருந்தேன். அவ்வளவு நடந்தவனுக்கு அது பொருத்தமாகவும் பட்டது. உண்மையில் அது தாமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயர். புவியியல் படிப்பிக்கிறவன் இப்படிப் பிழைவிடலாமா என்று நண்பர் பல வருடங்கள் என்னைக் கேலி செய்தார்.

ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் வரையான உயரத்தில் இருக்கிறது. பழைய பெயர் மகா எலிய. 1834இல் வேட்டைக்கு வந்த ஃபிஷர், வாட்சன் என்ற இரண்டு இராணுவ அதிகாரிகள் இதைக் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நுவரெலியாவிலிருந்து பலாங்கொடைக்கு இந்தப் புல்வெளியூடாக ஊர்மக்கள் காலாகாலமாக நடந்த பாதை ஒன்று அதற்கு முன்பே இருந்தது. பலாங்கொடை மனிதர் எனப்படும் வரலாற்றுக்கு முந்திய மக்கள் காலத்துக் கற்கருவிகளும் இங்கே கிடைத்திருக்கின்றன. ஆனாலும் அன்றைய ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனின் பெயரே நிலைத்துவிட்டது.

வேட்டைக்காரர் என்றால் முதலில் சாமுவேல் பேக்கரைச் சொல்ல வேண்டும். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆபிரிக்காவுக்குப் போன அதே பேக்கர்தான். 1855வரை நுவரெலியாவில் குடியிருந்து பண்ணை நடத்தினார். அவருக்குப் பிடித்தது மரை வேட்டை. தமிழ்நாட்டில் கடமான் என்றும் மிளா என்றும் சொல்கிற விலங்கைத்தான் நாங்கள் மரை என்கிறோம். துரைமார் அதற்கு ‘எல்க்’ என்று பெயர் வைத்தார்கள். எல்க் என்பது வட நாடுகளின் பனிக்காட்டில் திரியும் வேறொரு மான். அந்தத் தப்பான பெயர் நுவரெலியாவுக்கு அருகிலுள்ள எல்க் சமவெளியில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த வேட்டையில் துவக்குக்குப் பெரிய வேலை இல்லை. வேட்டைநாய்க் கூட்டத்தை அவிழ்த்துவிடுவார்கள். நாய்கள் மோப்பம் பிடித்துக் குரைத்துக்கொண்டு காட்டுக்குள் பாயும். வேட்டைக்காரர் அந்தச் சத்தத்தை வைத்தே பின்னால் ஓடுவார். களைத்த மரை ஓடையில் இறங்கும். ஆழமான மடுவில் நாய்கள் நீந்தித்தான் நெருங்க வேண்டும். மரைக்கோ கால் நிலத்தில் எட்டும். கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நின்று போராடும். நாய்கள் சில செத்துப்போவதும் உண்டு. கடைசியில் பேக்கர் தண்ணீருக்குள் இறங்கிக் கத்தியால் குத்துவார். வீரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு அந்தக் கதையில் மனம் ஒட்டுவது தண்ணீரில் நின்ற மரையோடுதான். சமவெளியிலுள்ள 20 மீற்றர் அருவிக்கு அவருடைய பெயர்தான்: பேக்கர் நீர்வீழ்ச்சி.

யானைகளின் கதை இன்னும் மோசம். அன்று யானையைக் கொன்றவருக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது. மேஜர் ரோஜர்ஸ் என்ற அதிகாரி தனியாளாக 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானைகளின் சாபம் என்று மலைநாட்டில் இன்றும் பேச்சு. சாபமோ இல்லையோ, 1940களுக்குப் பிறகு ஹோர்ட்டன் சமவெளியில் யானை இல்லை.

இத்தனைக்கும் காடு எப்படித் தப்பியது? கீழே மலைமலையாகக் காட்டை அழித்துக் கோப்பி நட்டார்கள். கோப்பியை நோய் தின்ற பிறகு தேயிலை நட்டார்கள். சமவெளியைக் காப்பாற்றியது ஒரு கடிதம். இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே உள்ள மலைக்காடுகளைத் தொடாதீர்கள் என்று எழுதினார். 1873இல் அது அரசாணையாக வந்தது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. அந்த ஆணை இல்லாவிட்டால் நான் அன்று நடந்த பாதை தேயிலைக்கு நடுவே போயிருக்கும்.

1893இல் புகையிரதப் பாதை அப்புத்தளைக்கு எட்டியது. அதன்பின் துரைமாருக்கு மேலே வருவது இலகுவாயிற்று. உயர் அதிகாரிகளின் வேட்டை பங்களாவாக இருந்த ஃபார் இன்னுக்குத் தூண்டில்காரரும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பிடித்த மீனும் அவர்களைப் போலவே கப்பலில் வந்ததுதான்.

1880களில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனின் சினைமுட்டைகளை இலங்கைக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். முட்டைக்குள் குஞ்சின் கண் கரும்புள்ளியாகத் தெரிகிற பருவத்தில் அது பயணத்தைத் தாங்கும். ஈரப்பாசியில் அடுக்கி, மேலே பனிக்கட்டி வைத்தால் குளிரில் பொரிப்பது தள்ளிப்போகும். செங்கடல் வெயிலைத் தாண்டி, கொழும்பில் இறக்கி, பனிக்கட்டி கரைந்து முடியுமுன் மலையேற்ற வேண்டும். முதலில் வந்தது பழுப்பு ட்ரவுட், நிலைக்கவில்லை. அதன்பின் வந்த வானவில் ட்ரவுட் இங்கேயே முட்டையிட்டுப் பெருகிவிட்டது. 1896இல் மீன்பிடிக் கழகமும் அமைத்துக்கொண்டார்கள்.

இறகும் நூலும் கட்டிச் செய்த பொய் ஈயைத் தண்ணீர்மேல் வீசி, உண்மை ஈ என்று மீனை நம்பவைப்பதே அந்த விளையாட்டு. மரை நின்று போராடிய அதே ஓடைகளில் பொழுதெல்லாம் பொய் ஈ வீசிக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்கு அமைதியான பொழுதுபோக்கு. ஆனால் இந்தச் சமவெளியின் ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அறியப்படாத சின்ன நன்னீர் இறால் ஒன்று இங்கே உண்டு. வந்த மீனுக்கு அது நல்ல தீனி. துவக்குக்காரனின் கணக்கு நமக்குத் தெரிகிறது. தூண்டில்காரன் விட்டுப்போன மீன் தின்ற இறாலை யார் எண்ணினார்கள்?

ஒன்றை மறைக்கக் கூடாது. வனவிலங்குகளைக் காக்க இந்த நாட்டில் முதலில் சங்கம் அமைத்தவர்களில் வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். 1894இல் தொடங்கிய அந்தச் சங்கம் இன்றும் வேறு பெயரில் இயங்குகிறது. சுட விலங்கு மிஞ்சாது என்ற பயம் முதலில் வந்தது; விலங்கின்மேல் அக்கறை மெதுவாகவே வந்தது. எப்படி வந்தால் என்ன, வந்ததே என்று எண்ணுகிறவன் நான். 1969இல் சமவெளி சரணாலயமாயிற்று, 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து உலக மரபுரிமை. ஃபார் இன் பங்களாவும் வாடிவீடாக இல்லை. சமவெளியின் செடிகொடிகளையும் விலங்குகளையும் பாறைகளையும் விளக்கும் பார்வையாளர் நிலையம் இப்போது அங்கே இருக்கிறது.

சென்ற ஆண்டு பேத்தியை அழைத்துக்கொண்டு போனேன். நடக்கவில்லை, வேனில்தான். உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புவரை போய், கீழே 870 மீற்றர் பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பூங்கா வாசலில் காவலர் பைகளைச் சோதித்தார். பொலித்தீன் உள்ளே போகக்கூடாது. பேத்தியின் பிஸ்கட்டுகளை உறையிலிருந்து எடுத்துக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்.

ஃபார் இன்னுக்கு முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே கொம்புள்ள ஆண் மரை ஒன்று, மாட்டுத் தொழுவத்தில் நிற்பதுபோல நின்றது. ஆட்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். பாணும் பிஸ்கட்டும் கொடுத்துக் கொடுத்து அதைப் பழக்கிவிட்டிருக்கிறார்கள்.

“இது கடிக்குமா தாத்தா?” என்று பேத்தி கேட்டாள்.

“கடிக்காது. ஆனால் ஒன்றும் கொடுக்காதே,” என்றேன்.

அவள் பிஸ்கட் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். காகிதம் சலசலத்தது. மரை காதை நிமிர்த்தி எங்கள் பக்கம் திரும்பியது.