மனாட்டியும் புறாவும்: நேயர் கேள்விக்கு விளக்கம்

"மனாட்டியும் புறாவும் உயிரியல் வகைப்பாட்டில் எங்கே வருகின்றன, இவற்றுள் எது அழியும் நிலையில் இருக்கிறது?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டும் முதுகெலும்பிகள்தாம், ஆனால் வகுப்பு என்ற படிக்கு வந்ததுமே பிரிந்துவிடுகின்றன. மனாட்டி என்பது நீரில் வாழ்ந்து நீர்த்தாவரங்களைத் தின்னும் பெரிய விலங்கு, கடற்பசுவின் உறவு. அது பாலூட்டி, சைரீனியா வரிசையைச் சேர்ந்தது. புறா பறவை, கொலும்பிஃபார்மிஸ் வரிசையைச் சேர்ந்தது. நீரில் வாழ்வதால் மனாட்டியைத் திமிங்கிலத்தின் உறவு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது யானைக்குத்தான் நெருக்கம். புளோரிடாவில் வாழும் மனாட்டியின் துடுப்பு நுனியில் யானைக்கால் நகத்தை ஒத்த நகங்கள் இருக்கின்றன. அதன் குட்டி, துடுப்பின் அக்குளில் உள்ள காம்பில் வாய்வைத்துப் பால் குடிக்கிறது. புறாவும் குஞ்சுக்குப் 'பால்' ஊட்டுகிறதே என்று கேட்கலாம். அது பால்சுரப்பியில் ஊறுவதன்று. கழுத்தடியில் உள்ள தீனிப்பையின் உட்சுவரிலிருந்து உதிரும் சத்து மிகுந்த கூழ். அதை ஆணும் பெண்ணும் ஊட்டும்.

இனி அழிவுநிலை. மனாட்டியில் இருப்பதே மூன்று இனங்கள். உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் மூன்றும் அழிவாய்ப்பு இனங்களாக, அதாவது அழிந்துபோகும் ஆபத்துள்ளவையாக (Vulnerable), உள்ளன. புறாக்களிலோ முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருப்பதால், 'புறா' என்று மொத்தமாக ஒரு நிலையைச் சொல்வது தவறு. நம் வீட்டு முற்றத்துக்கு வரும் புள்ளிப்புறாவுக்கு இப்போதைக்குக் கவலை இல்லை. மெக்சிகோவின் சோகோரோத் தீவுப் புறாவை 1972-க்குப் பிறகு காட்டில் யாரும் காணவில்லை. அது வளர்ப்பிடங்களில் மட்டுமே வாழ்கிறது. வட அமெரிக்க வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாக்களில் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் இறந்தது.

ஐரோப்பாவின் டர்டில் டவ் என்னும் புறாவும் 2015 முதல் மனாட்டி இருக்கும் அதே அழிவாய்ப்புப் பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் ஒரே பிரிவில் இருப்பதால் இரண்டின் நிலையும் ஒன்றாகிவிடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2021-இல் பிரான்சும் ஸ்பெயினும் வேட்டையை நிறுத்தியபின், மேற்கு ஐரோப்பாவில் அந்தப் புறாவின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே ஏறத் தொடங்கியது. அதே 2021-இல் புளோரிடாவில் 1,100 மனாட்டிகள் இறந்தன. கழிவுநீர்ச் சத்துகளால் பாசி பெருகி, ஒளி மறைந்து, அவற்றின் உணவான கடற்புல் பட்டுப்போனதால் அவற்றுள் பல பட்டினியால் மடிந்தன. அடுத்து வந்த குளிர்காலத்தில் லெட்டியூஸ் கீரையை நீரில் போட்டு அவற்றுக்கு உணவளிக்க வேண்டியிருந்தது. ஓராண்டு சுமந்து ஒரே ஒரு குட்டி ஈன்று, அடுத்த ஈற்றுக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் விலங்கு மனாட்டி. அதனால் இழந்த எண்ணிக்கையை அது விரைவில் ஈடுகட்ட முடியாது.