அந்த ரிசல்ட் யாருடையது?

எல்லோருக்கும் வணக்கம்.

விளையாட்டு, ஊடகம், உடல்நலம் என்று மூன்றையும் சேர்த்து அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் ஒரு கடல். நான் இருபத்திரண்டு வருடமாக அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். எனக்குத் தெரிந்த மைதானத்தில் நின்றுகொண்டுதான் பேச முடியும். இந்த மூன்றும் ஒரே ஆள் தலையில் இறங்கிய ஒரு கதை நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளையில் வேலை பார்த்த அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தில் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். 800 மீட்டர் ஓடியவர்களுக்குத் தெரியும், இரண்டாவது சுற்றில் கடைசி 200 மீட்டர் இருக்கும்போது கால் நம் பேச்சைக் கேட்காது. தொடை கல்லாகிவிடும். அந்த இடத்தில்தான் இவர் பின்னாலிருந்து ஆட்களைத் தாண்டி முன்னுக்கு வந்தார். வீட்டில் அவ்வளவு வறுமை இருக்கும்போது அப்படி ஓடுவதற்கு எத்தனை வருட உழைப்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

போட்டி முடிந்ததும் அவருக்குப் பாலினப் பரிசோதனை செய்தார்கள். சில நாட்களில் முடிவு வெளியே கசிந்தது. பதக்கம் பறிபோனது.

அந்த ரிசல்ட்டில் என்ன இருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அது அவருடைய மருத்துவக் காகிதம். நம் வீட்டில் ஒருவருக்கு ஸ்கேன் எடுத்தால் அந்தக் கவரைப் பக்கத்து வீட்டுக்காரர் பிரிக்க விடுவோமா? இங்கே நாடு முழுக்கப் பிரித்துப் படித்தது. ஊர் பேர் போட்டோவோடு ‘பெண் அல்ல’ என்று செய்தி ஓடியது. ஊக்கமருந்து எடுத்தார் என்றோ பொய் சொன்னார் என்றோ யாரும் குற்றம் சாட்டவில்லை. பிறந்ததிலிருந்து பெண்ணாகவே வளர்ந்தவர் அவர். உடம்பு எப்படி அமைந்ததோ அப்படி இருந்ததுதான் அவர் செய்த ஒரே ‘தப்பு’.

இந்தச் சோதனைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1966இல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை உடையில்லாமல் டாக்டர்கள் முன்னால் நடக்க வைத்தார்கள். பெண்கள் பிரிவில் ஆண்கள் புகுந்துவிடுவார்கள் என்ற சந்தேகம்தான் அதற்குச் சொன்ன காரணம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அதை மாற்றி, கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி எடுத்துக் குரோமோசோம் பார்த்தார்கள். தேறியவர்களுக்குச் சான்றிதழ். பெண் என்பதற்குச் சான்றிதழ் கையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டிய நிலை.

ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ அந்தச் சான்றிதழை 1983இல் வாங்கியவர். 1985இல் ஜப்பானின் கோபே நகரத்தில் நடந்த பல்கலைக்கழகப் போட்டிக்குப் போனபோது அதை எடுத்து வர மறந்துவிட்டார். மறுபடி சோதித்தார்கள், தேறவில்லை என்றார்கள். காலில் அடிபட்டதுபோல் நடித்து விலகிக்கொள் என்று அறிவுரை. அந்தத் தடவை அப்படியே செய்தார். அடுத்த வருடம் சொந்த நாட்டுப் போட்டியிலும் ஒதுங்கச் சொன்னபோது முடியாது என்று ஓடி ஜெயித்தார். உடனே விஷயம் பத்திரிகைக்குப் போனது. பட்டங்கள் போயின, உதவித்தொகை போனது, நிச்சயிக்கப்பட்டிருந்த கல்யாணமும் நின்றது. அவர் விடவில்லை. டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனைத் தன் உடம்பு ஏற்றுக்கொள்ளவே செய்யாது, அதனால் சோதனையில் தெரிந்த ஆண் குரோமோசோமால் தனக்கு எந்த லாபமும் இல்லை என்று வாதாடி 1988இல் ஓடும் உரிமையைத் திரும்ப வாங்கினார். ஆனால் நல்ல வயதில் மூன்று வருடம் போய்விட்டது. 1992 ஒலிம்பிக் தேர்வில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வாய்ப்பு கைநழுவியது.

எல்லோருக்கும் கட்டாயம் என்றிருந்த சோதனையை ஒலிம்பிக் கமிட்டி 1999இல் கைவிட்டது. அப்புறம் வந்தது சந்தேகம் வந்தால் மட்டும் சோதிப்பது என்ற முறை. என்னைக் கேட்டால் இது இன்னும் மோசம். யாருக்கு யார் மேல் சந்தேகம் வரும்? தாடை அகலமாக, மார்பு தட்டையாக, குரல் கட்டையாக, தோல் கறுப்பாக இருக்கிற பெண் மேல்தான் வரும். 2009இல் பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 800 மீட்டர் இறுதிப் போட்டிக்கு நிற்கும்போதே அவருக்குச் சோதனை நடக்கிற செய்தி உலகம் முழுக்கப் பரவியிருந்தது. பதினெட்டு வயதுப் பெண். அத்தனை கேமராவுக்கு நடுவே 1:55.45இல் ஓடித் தங்கம் வாங்கினார்.

2014இல் ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை துத்தி சந்த் என்பவரை இதே காரணத்துக்காக காமன்வெல்த் போட்டிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். அவர் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார். உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஓர் அளவைத் தாண்டினால் பெண்கள் பிரிவில் ஓட முடியாது என்ற அந்த ஹார்மோன் விதியே 2015 ஜூலையில் நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு வேறு வடிவில் திரும்பி வந்தது. 2025 செப்டம்பரிலிருந்து உலக தடகள அமைப்பு, உலகத் தரவரிசைக்கான போட்டிகளில் பெண்கள் பிரிவில் கலந்துகொள்ளும் எல்லோருக்கும் ஒரு மரபணுச் சோதனை வைத்திருக்கிறது. பெண்கள் போட்டி நியாயமாக நடக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், நான் தட்டிக் கழிக்கவில்லை. விதி எப்படி இருக்க வேண்டும் என்று டாக்டர்களும் வீராங்கனைகளும் உட்கார்ந்து பேசட்டும். ஆனால் ஒரு பெண்ணின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது தலைப்புச் செய்தியாக வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லவில்லை.

சாந்தி தன் உயிரையே மாய்த்துக்கொள்ளப் பார்த்தார். பிழைத்தார். 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்வதாகச் செய்தி வந்தது. அப்பா அம்மா நின்ற அதே சூட்டில் ஆசியப் பதக்கம் வாங்கிய கால்கள். முறையாகப் பயிற்சியாளர் படிப்பு படித்து, பிறகு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். அந்தப் பதக்கம் இன்னும் அவருக்குத் திரும்பவில்லை.

இதில் நம் பங்கு என்ன? வட்டார அளவிலான போட்டிக்கு வந்து பாருங்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு, ஓரத்தில் கயிறு கட்டியிருப்போம். கயிற்றுக்கு வெளியே ஊர் ஆட்கள், மற்றப் பள்ளிப் பையன்கள், சில நேரம் மற்றப் பள்ளி டீச்சர்களும்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முதல் ஆளாக வளைவு திரும்புவாள். "டேய், பொண்ணா பையனா பாருடா" என்று ஒரு குரல். சிரிப்பு. ஒரு தடவை நான் பயிற்சி கொடுத்த பிள்ளை 400 மீட்டர் ஜெயித்துவிட்டு என்னிடம் வந்து முதலில் கேட்டது டைமிங் அல்ல. "டீச்சர், முடி வளர்க்கட்டுமா?" என்று கேட்டாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. அவள் வகுப்பில் யாரோ அந்த ஓட்டத்தைப் போனில் எடுத்து குரூப்பில் போட, கீழே கமெண்ட் வரிசையாக வந்துவிட்டது. 2006இல் அதற்கு ஒரு டிவி சேனல் வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு போன் போதும்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் பிள்ளைகளுக்கு எடை, உயரம் பார்த்து எழுதுவோம். நான் எடை மிஷின் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொல்ல, லீடர் நோட்டில் எழுதுவான். "அறுபத்தி நாலு!" வகுப்பே திரும்பிப் பார்க்கும். இன்னொரு பிள்ளைக்கு "இருபத்தெட்டு!" அதற்கும் சிரிப்பு. உடல்நலத்துக்காகச் செய்கிற வேலை, அதில் என்ன தப்பு என்றே பல வருடம் நினைத்தேன். அந்த அறுபத்தி நாலு கிலோப் பிள்ளை மறுநாளிலிருந்து விளையாட்டுப் பீரியடுக்கு வருவதை நிறுத்தினாள். வயிற்று வலி என்று சீட்டு கொடுப்பாள். குண்டு எறிதலில் மாவட்டம் வரை போயிருக்க வேண்டிய கை அது. எனக்கு விஷயம் உறைக்க ஒரு வருடம் ஆனது. அதற்குள் அவள் பள்ளி மாறிப் போய்விட்டாள்.

இன்றைக்கு உடல்நலம் என்றாலே எண்தான். கையில் கட்டிய வாட்ச் நடையை எண்ணுகிறது, தூக்கத்தை எண்ணுகிறது. ஜிம்மில் மெலிவதற்கு முன், மெலிந்த பின் என்று போட்டோ ஒட்டுகிறார்கள். தானாக விரும்பிக் காட்டுபவர் காட்டட்டும். கேட்காமல் அடுத்தவர் உடம்பின் எண்ணைக் கூட்டத்தில் படிப்பதுதான் என் பிரச்சினை. மைதானத்தில் ஓடுகிறவளின் உடம்பு பார்க்கிற எல்லோருக்கும் சொந்தம் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அவள் நமக்குக் கொடுத்தது அந்த ஓட்டத்தை மட்டும்தான்.

இப்போது என் பள்ளியில் எடை மிஷினை ஸ்டோர் ரூமுக்குள் வைத்திருக்கிறோம். ஒவ்வொருத்தராக உள்ளே வந்து, தானே பார்த்து, தானே எழுதி, நோட்டை மடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு பீரியட் ஆகிறது. தலைமை ஆசிரியரிடம் பேசி அந்த நேரத்தை வாங்கியிருக்கிறேன். போட்டி நாளில் கயிற்றோரம் நிற்கும் வேலைக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை வைத்திருக்கிறேன். யாராவது கத்தினால் அவர் பக்கத்தில் போய் நின்று, ஓடுகிறவளின் பெயரைச் சொல்லி இவர்கள் உரக்கக் கை தட்டுவார்கள். கயிற்றோரம் நிற்க இன்னும் ஆள் வேண்டும். உங்களில் யாராவது வருவதாக இருந்தால் காலை எட்டு மணிக்கு மைதானத்துக்கு வந்துவிடுங்கள், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் என் கையில் இருக்கும்.