கோமகனா, குரோனெக்கா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஜெர்மனியின் சிறு அரசான மைனிங்கனின் நாடகக் குழு ஐரோப்பாவை வென்றது, அதை ஆண்ட கோமகன் இரண்டாம் கியோர்க்கின் கற்பனையாலா, இயக்குநர் லூட்விக் குரோனெக்கின் உழைப்பாலா? நான் குரோனெக் பக்கம்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "கோமகன் படம் வரைந்தார், குரோனெக் மணியடித்தார்." நீங்களும் கைதட்டினீர்கள். அந்த மணியைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

1890, மாஸ்கோ. குரோனெக்கின் ஒத்திகை நடந்த விதத்தை ரஷ்ய நாடக மேதை ஸ்டானிஸ்லாவ்ஸ்கி எழுதி வைத்திருக்கிறார். கையில் கடிகாரம். நேரம் வந்ததும் மணி. "தொடங்கலாம்." அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அடுத்த மணி அடிக்கும் வரை ஒத்திகை நிற்காது.

ஒருநாள் முக்கிய வேடக்காரர் ஒருவர் தாமதமாக வந்தார். குரோனெக் திட்டினாரா? இல்லை. கத்தினாரா? இல்லை. அவர் வேடத்தைத் தூக்கி இன்னொருவரிடம் கொடுத்தார். வந்தவரை வீட்டுக்கா அனுப்பினார்? அதுவும் இல்லை. கூட்டத்தில் போய் நிற்கச் சொன்னார். கூட்டத்தில் எங்கே? முன்வரிசையிலா? இல்லை ஐயா, கடைசியில்! மேடையின் பின்கோடியில்!

அது வெறும் தண்டனை இல்லை. இன்று நாயகனாக நடிப்பவர் நாளை கூட்டத்தில் நிற்க வேண்டும் என்பதே அந்தக் குழுவின் விதி. ஏனென்றால் அவர்கள் நாடகத்தின் உயிரே கூட்டம்தான். 1874 மே 1, பெர்லினில் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்'. கொலையுண்ட சீசருக்காக அவர் நண்பன் ஆன்டனி பேசப் பேச ரோமாபுரிக் கூட்டம் கொந்தளிக்க வேண்டும். போகும் ஊரில் திரட்டிய ஆட்களை அப்படியே மேடையேற்றினால் என்ன ஆகும்? எல்லாக் கையும் ஒரே நேரத்தில் உயரும். எல்லாத் தலையும் ஒரே மட்டத்தில் நிற்கும். பாதிப் பேர் ஆன்டனியை விட்டுவிட்டுப் பார்வையாளரைப் பார்ப்பார்கள். கலகம் போய் கவாத்து ஆகிவிடும்!

அதனால் கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். குழுவுக்கு ஒரு தேர்ந்த நடிகர் தலைவர். வெற்றுக் கூச்சல் கூடாது, ஒவ்வொரு குழுவுக்கும் எழுதிக் கொடுத்த வசனம் உண்டு. பக்கத்தில் இருப்பவர் நின்றால் நீ குனி, அவர் குனிந்தால் நீ படியில் ஏறு. இந்த முறையின் வரைபடம் கோமகனுடையது, ஒப்புக்கொள்கிறேன், அபாரமான வரைபடம். ஆனால் பயணங்களில் பெரும்பாலும் கோமகன் ஊரிலேயே இருந்தார். நகருக்கு நகர் புது மேடை, புது ஆட்கள். அவர்களை ரோமர்களாக்கியது யார்? 38 நகரங்கள், 2,591 காட்சிகள்!

இந்தக் குரோனெக் யார் தெரியுமா? 1866இல் மைனிங்கனுக்கு வந்த நகைச்சுவை நடிகர். அவர் மேடைக்கு வந்தால் அரங்கம் சிரிக்கும். அந்தச் சிரிப்பும் கைதட்டலும் ஒரு நடிகனுக்குச் சோற்றுக்கும் மேலானவை. அதை விட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் மற்றவர்களின் கைதட்டலுக்காக உடம்பைத் தேய்த்தார். உடல்நிலை குலைந்தது. 1890இல் ஒடெசாவோடு பயணங்கள் நின்றன. மறு ஆண்டு அவரே போய்விட்டார். வயது 53.

கோமகன் 1914 வரை இருந்தார். கற்பனை இருந்தது, பட்டம் இருந்தது, அரங்கம் இருந்தது. அந்தப் பெரும் பயணங்கள் மட்டும் திரும்ப வரவேயில்லை. ஏன்? கூட்டிப்போக அந்த மனிதர் இல்லை, ஐயா!

நடுவர் அவர்களே, குரோனெக் இல்லாத அந்த 23 ஆண்டுகளையும் கணக்கில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.