சம்மனசுக்குத் தாய் ஏது?

(மிக்கேல் அதிதூதர் திருநாள் மாலை, தர்மபுரி மாவட்டத்துப் பங்குக் கோயில் ஒன்றில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, மழை மிரட்டியும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, அருட்சகோதரிகளே, மைக்கோடு மல்லுக்கட்டும் தம்பியே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம் என்றேன், போட்டுவிட்டார்கள். சரி.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். மனிதர் எல்லாரும் பாவத்தில் இருக்க, சம்மனசுகளில், அதாவது வானதூதர்களில், சிலர் மட்டும் கெட்டது எப்படி? கெட்ட சம்மனசுக்கு மீட்பு ஏன் இல்லை? மூன்றாவது, காவல் சம்மனசு.

நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை. ஆதாம் என்ற ஒரே நூலில் நெய்த சேலை நாம். ஒரே மனிதன் வழியாகப் பாவம் உலகத்தில் நுழைந்தது என்கிறார் திருத்தூதர் பவுல், விவிலியத்தில் உரோமையர் 5ஆம் அதிகாரத்தில். (மரியன்னைக்கு மட்டும் அந்தப் பாவம் இல்லை, அதை அவருடைய அமலோற்பவத் திருநாளான டிசம்பர் 8 அன்று பேசிக்கொள்வோம்.) சம்மனசுக்கோ தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஒவ்வொரு சம்மனசும் தனித்தனி இனம் என்றே சொல்லிவிட்டார் 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ். கடவுளை எதிர்த்த லூசிபரோடு போனவர்கள் அவரவர் மனதறிந்து போனார்கள். மிக்கேல் கடவுள் பக்கம் நின்றார். ஒருவன் கறை இன்னொருவனுக்கு வம்சத்தில் இறங்க, அங்கே வம்சமே கிடையாது.

கறை என்றதும் எங்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்த கதையைச் சொல்லவேண்டும். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். காபி கொடுத்த அக்கா, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் அத்தை விடவில்லை. “ஏம்மா, வாயே திறக்கமாட்டியா?” அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் வெள்ளாடு உள்ளே வந்து, தாம்பாளத்து வெற்றிலையை ஒரே இழுப்பாக இழுத்தது. அக்கா சிரித்துவிட்டாள். பல்லெல்லாம் காவிக் கோடு. கூடமே கப்சிப். அப்புறம் அத்தை சிரித்தார் பாருங்கள், அவருக்கும் அதே காவி! மாப்பிள்ளைக்கும்! “உங்களுக்கும் போர்த் தண்ணிதானா?” என்றார் அப்பா. அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

அக்கா பல் தேய்க்காதவளா? ஆதாமின் கறை நமக்கு வந்ததுபோல, இதுவும் அவள் செய்யாத தப்பு: குடித்த தண்ணீரில் புளோரைடு உப்பு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆகாது. பல் உருவாகும் வயதில் குடித்தால் கறை பல்லோடு வளரும், மிகவும் கூடினால் எலும்பையே வளைக்கும். காய்ச்சினாலும் போகாது, வேறு தண்ணீர்தான் வரவேண்டும். 2013இல் ஒகேனக்கல் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வந்தது, பெரிய புண்ணியம். ஆனால் எங்கள் தெருப் பால்வாடியில் இன்றைக்கும் போர்த் தண்ணீரில்தான் சோறு வேகிறது. நூலைப் போல சேலை, தலைவர் அவர்களே! உங்களைச் சொல்லவில்லை, குழாயைச் சொல்கிறேன்.

பங்குச்சாமி கடிகாரம் பார்க்கிறார். இரண்டாவது விஷயம் ஒரே வரியில்: கிறிஸ்து ஆதாமின் குலத்தில் பிறந்து குலத்தை மீட்டார், குலமே இல்லாத சம்மனசுக்கு அந்த வழி இல்லை என்பது ஆன்செல்ம் என்ற இறையியலாளரின் வாதம். காவல் சம்மனசுக்கு அக்டோபர் 2 திருநாள் இருக்கிறது, கூப்பிட்டால் வருகிறேன்.

பால்வாடிக்குக் காவிரிக் குழாய் கேட்கும் மனு, வாசல் மேசைமேல் இருக்கிறது. பேனா என்னுடையது, கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே வையுங்கள்.