கிரியேட்டினின் ஏறிச்சுன்னா தண்ணிக் குளிசையை நிப்பாட்டலாமா?

சரி, அடுத்த கேள்வி. ஹட்டன்லருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு 62 வயசு, இதயம் பம்ப் பண்றது குறைவுன்னு கிளினிக்ல மருந்து எடுக்கிறாரு. கிட்னி எப்படி வடிகட்டுதுன்னு ரத்தத்துல பாக்கிற கிரியேட்டினின், முன்ன 1.2 இருந்தது இப்ப 1.5. “இந்தக் குளிசைதான் கிட்னியைக் கெடுக்குது”ன்னு பக்கத்து லயத்துல யாரோ சொல்ல, தேங்குற நீரைச் சலமா வெளியேத்துற தண்ணிக் குளிசையை நிப்பாட்டிட்டாராம். இப்ப கால் வீங்குதாம்.

தங்கச்சி, இந்தக் கிழமையே அப்பாவைக் கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க. அடுத்த மாசத் திகதி வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. படுத்தா மூச்சு முட்டுது, ராவுல எழும்பி உக்காந்துக்கிறாருன்னா அதுக்கும் காத்திருக்க வேணாம், 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

இதயம் பலவீனமானா கிட்னிக்குப் போற ரத்தம் குறையும்னு நிறைய பேருக்குத் தெரியும். அது பாதிக் காரணம்தான். கிட்னியிலருந்து ரத்தம் திரும்பி வர்ற குழாய்லயும் அழுத்தம் ஏறிடுது. தோட்டத்துக் கான்ல கீழ அடைப்பு விழுந்தா மேல தண்ணி தேங்குமில்லையா, அந்த மாதிரி. ஒடம்புல நீர் தேங்கத் தேங்க கிட்னி வடிகட்டுறது குறையும். ஃபுருசமைட்ங்கிற தண்ணிக் குளிசை அந்தத் தேக்கத்தை எறக்குது. வீக்கம் வத்தின பிறகு கிரியேட்டினினும் எறங்குற ஆளுங்க இருக்காங்க.

இதயத்துக்குத் தர்ற மத்த மருந்துகள், லொசார்டன், எனலாப்ரில் இதெல்லாம் கிட்னி வடிகட்டிக்குள்ள இருக்கிற அழுத்தத்தைத் தளர்த்துது. அதனால தொடக்கத்துல கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும், அது எதிர்பார்க்கிறதுதான். 30 சதவீதம் வரைக்கும் ஏறி, ஆளும் நல்லா இருந்தா பொதுவா மருந்தைத் தொடருவாங்க. 1.2லருந்து 1.5ன்னா 25 சதவீதம். முன்ன இருந்ததை விட 50 சதவீதத்துக்கு மேல ஏறினாலோ, ரத்தத்துல பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினாலோ டொக்டர் அளவைக் குறைப்பாரு, சிலதை நிறுத்துவாரு. அதைப் பாக்கத்தான் மருந்து தொடங்கி, இல்லாட்டி அளவு கூட்டி, 1, 2 கிழமையில ரத்தம் சோதிக்கச் சொல்றாங்க. அந்தச் சோதனையைத் தவற விடாதீங்க.

இன்னொண்ணு. ஒரு லேப்ல 1.2ன்னு வரும், இன்னொரு லேப்ல 106ன்னு வரும். ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணு மில்லிகிராம் கணக்கு, மத்தது மைக்ரோமோல் கணக்கு, 88.4ஆல பெருக்கினா சரியா வரும். ரிப்போட் எல்லாத்தையும் கிளினிக் கொப்பியோட வச்சுக் கொண்டு போங்க.

உண்மையிலேயே கிட்னியைக் கெடுக்கிறது எது தெரியுமா? முதுகு வலி, முழங்கால் வலின்னு பார்மசியில வாங்கிப் போடுற டைக்ளோபெனக், ஐபுப்ரோஃபென். அது கிட்னிக்குப் போற ரத்தக் குழாயைச் சுருக்கும். தண்ணிக் குளிசை, லொசார்டன், வலிக்குளிசை மூணும் சேர்ந்தா சில நாள்லயே கிட்னி நிக்கலாம். வலிக்குப் பரசிட்டமோல் போடுங்க, தண்ணியில கரையிற வகை மட்டும் வேணாம், அதுல சோடியம் அதிகம். காமரங்காயும் வேணாம், கிட்னி குறைஞ்சவங்களுக்கு அது நஞ்சு. பொட்டாசியம் சேர்த்த மாத்து உப்பையும் டொக்டரைக் கேக்காம வாங்காதீங்க.

உப்பு ஒரு நாளைக்கு எல்லாமாச் சேர்த்து 5 கிராம், அதாவது மட்டமா ஒரு தேக்கரண்டி. கருவாடு, நெத்தலி, ஊறுகாய், பப்படம் எல்லாம் இந்தக் கணக்குக்குள்ளதான்.

காலையில எழும்பி, சலம் போய்ட்டு, சாப்பிட முன்னால நிறை பாருங்க. நம்ம பக்கம் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரை கழட்டிட்டு ஏறணும், இல்லாட்டி கணக்குப் பிழைக்கும். 3 நாள்ல 2 கிலோ ஏறினா நீர் தேங்குதுன்னு அர்த்தம், உடனே காட்டுங்க.

வயித்தோட்டமோ வாந்தியோ வந்தா கதை மாறும். ஒடம்பு காஞ்ச நேரத்துல தண்ணிக் குளிசை, லொசார்டன், இதயத்துக்குத் தர்ற இன்னொரு குளிசை ஸ்பைரோனோலாக்டோன் எல்லாம் கிட்னியைத் தாக்கும். அண்டைக்கே டொக்டர்கிட்ட கேளுங்க. ஒண்ணு ரெண்டு நாளைக்கு நிறுத்தச் சொல்லலாம். வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற ஜீவனி எவ்வளவு குடிக்கலாம்னும் கேட்டுக்கோங்க, அதுல உப்பு இருக்கு. சாப்பாடும் தண்ணியும் பழையபடி எறங்கத் தொடங்கினதும் நிறுத்தின குளிசையை எண்டைக்குத் திரும்பப் போடணும்னு கேட்டு, கொப்பியில எழுதி வாங்கிக்கோங்க. நிறைய பேர் அதை மறந்துட்டு, மறுபடி வீங்கிப் போய்த்தான் வார்டுக்கு வர்றாங்க.