கருப்பு டென்ட்டுக்கு மேல கீத்துப் பந்தல்! கேம்ப் முடிஞ்சு வந்தாச்சு

வணக்கம் மக்களே! தொண்டை கட்டியிருக்கு, கேம்ப் ஃபயர்ல கத்தினது. கொஞ்சம் பொறுத்துக்கங்க. சாரணர் கேம்ப் முடிஞ்சு நேத்து ராத்திரிதான் திருவையாத்துலேர்ந்து வந்தோம். ஜெர்மனியிலேர்ந்து எக்ஸ்சேஞ்சுக்கு வந்த பசங்களும் ஒரு வாரம் எங்க ட்ரூப்போட தென்னந்தோப்புலயே தங்கினாங்க. ஹைக், கல்லணை எல்லாம் சொல்றேன். ஆனா முதல்ல கீத்து. அதைச் சொல்லாம எனக்கு வேற பேச்சே வராது.

அவங்க கொண்டாந்த டென்ட்டுக்குப் பேரு கோட்டே. ஜெர்மன் சாரணர்னாலே அந்த டென்ட்டுதான். நாலு கான்வாஸ் துண்டை ஒண்ணோட ஒண்ணு கோத்து, கூம்பு மாதிரி நிறுத்துவாங்க. உச்சியில புகை போக ஓட்டை, உள்ள நடுவுல நெருப்பு, சுத்தி உக்காந்து பாட்டு. ஐரோப்பாவோட வடகோடியில கலைமான் மேய்க்கிறவங்க கூடாரத்தைப் பாத்து 1930 வாக்குல உருவாக்கினது. குளிர் ஊருக்கு அருமையான ஏற்பாடு. ஆனா கன்னங்கரேல்னு இருக்கு மக்களே! கத்திரி வெயில்ல, தஞ்சாவூர் ஜில்லாவுல! மதியம் உள்ள தலையை விட்டா அடுப்புக்குள்ள விட்ட மாதிரி.

பிரிச்சிடலாம்னு பேச்சு வந்துது. எனக்கு மனசே வரல. அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்காங்க. அப்பதான் எங்க மாஸ்டர் சொன்னார், மேல கீத்துப் பந்தல் போட்டுடுவோம்னு.

இப்ப விலைக்கு வரேன். முதல் நாள் கீத்து வியாபாரிகிட்ட போன்ல கேட்டப்ப ஒரு கீத்து 18 ரூபா. மறுநாள் வேன்ல போய் இறங்குறோம், பின்னாடி வெளிநாட்டுப் பசங்க இருக்காங்க, 30 ரூபாங்கிறார்! நூறு கீத்துக்கு 1,200 ரூபா வித்தியாசம். எங்க கேம்ப்ல அது ஒரு நாள் காய்கறிச் செலவு. கேட்டா கஜா புயல்ல மரமெல்லாம் போச்சுங்கிறார். 2018 நவம்பர்ல பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்பு தோப்பா சாஞ்சது உண்மைதான். அதைப் பாத்து எனக்கும் வயிறு எரிஞ்சுது. அதுக்காக ஒரே ராத்திரியில 12 ரூபா ஏத்துறது அநியாயம். ஒரு கீத்து கூட வாங்காம வந்துட்டோம்.

தோப்புக்காரர் மகராசன். மாட்டுக் கொட்டகைக்குன்னு மட்டையை ரெண்டா பிளந்து குட்டையில ஊறப் போட்டு வச்சிருந்தார். "எடுத்துக்கங்க தம்பி, பந்தல் பிரிச்சதும் கீத்தா குடுத்துடுங்க"ன்னுட்டார். பின்னக் கத்துக்குடுத்தது பந்தல்கார ஐயா. ஒரு ஓலை மேல, ஒரு ஓலை கீழ, தண்டை ஒட்டி கட்டை விரலால அழுத்திக்கிட்டே போகணும். ஒரு ஜெர்மன் பொண்ணு பின்னினதுல விரல் நுழையற அளவு இடைவெளி. ஐயா ஒண்ணும் பேசல. தண்டு வரைக்கும் பிரிச்சு அது கையிலயே திருப்பிக் குடுத்தார். அது மூணாவதா பின்னின கீத்தை வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, மேல அடுக்குன்னு கை காட்டினார். அந்தப் பொண்ணு முகத்தைப் பாக்கணுமே!

ஆங், மாஸ்டர் செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லாம விட்டுட்டேன். வந்தவங்களைத் தனி பேட்ரோலா, அதாவது ட்ரூப்புக்குள்ள தனி சின்னக் குழுவா விடல, எங்க பேட்ரோல் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேரா கலந்து விட்டார். சாரணர் இயக்கத்தை ஆரம்பிச்ச பேடன் பவல் 1907ல இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல போட்ட முதல் கேம்ப்லயும் இப்படித்தான், வேற வேற வீட்டுப் பசங்களைக் கலந்துதான் பேட்ரோல் பிரிச்சார். இதுதாங்க சரி. இல்லன்னா ஒரு வாரமும் அவங்க ஒரு பக்கம், நாம ஒரு பக்கம்னு போயிருக்கும்.

பந்தக்கால் சவுக்குக் கம்பு. கட்டுறதுக்கு தேங்காநார்க் கயிறு. நைலான் எனக்கு ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும், சவுக்குல வழுக்கும். ரெண்டு நாட்டுப் பசங்களும் குளோவ் ஹிட்ச்ங்கிற முடிச்சுல ஆரம்பிச்சு ஸ்கொயர் லேஷிங் போடுறாங்க, குறுக்கா வச்ச ரெண்டு கம்பைச் சேத்துக் கட்டுற கட்டு அது, அச்சு அசல் ஒரே மாதிரி. ஐயா கயிறை நனைச்சார், நாலு சுத்து சுத்தினார், முறுக்கி முனையை உள்ள சொருகினார். முடிச்சே கிடையாது! எங்க பேட்ரோல் லீடர் தொங்கிப் பாத்தான், அசையல.

ஒண்ணு மட்டும் மாஸ்டர் கண்டிப்பா சொல்லிட்டார், மேல கீத்து இருக்கிற வரைக்கும் கோட்டேக்குள்ள நெருப்பு கூடாதுன்னு. வந்தவங்களுக்கு வருத்தம்தான். ஆனா காஞ்ச கீத்துல ஒரு பொறி விழுந்தா போதும், அவர் சொன்னது நூத்துக்கு நூறு நியாயம். கேம்ப் ஃபயரை ஆத்து மணல்ல வச்சுக்கிட்டோம். மே மாசத்துல காவிரியில ஏதுங்க தண்ணி? மேட்டூர் வழக்கமா திறக்கிறதே ஜூன் 12. கல்லணைக்குப் போனப்பவும் அதேதான் கேட்டாங்க, ஆறு எங்கன்னு. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு அங்கதான் தண்ணியைப் பிரிச்சு விடுறாங்கன்னு மணல்ல கோடு போட்டுக் காட்டினேன். கல்லணை மட்டும் தனி வீடியோவா வருது.

பந்தல் போட்டதுக்கு அப்புறம் மதியம் கோட்டேக்குள்ளயே தூங்கினாங்க மக்களே! நாலு பக்கமும் கான்வாஸைத் தூக்கிக் கட்டிட்டு, நல்லா குறட்டை விட்டு.

கீத்தெல்லாம் சொன்னபடி மாட்டுக் கொட்டகைக்குக் குடுத்தாச்சு. உங்க ஊர்ல இப்ப ஒரு கீத்து என்ன விலை? மன்னார்குடி, வேதாரண்யம் பக்கம் இருக்கிறவங்க கண்டிப்பா சொல்லுங்க, அடுத்த கேம்ப்புக்கு நேரா அங்க வந்தே எடுத்துக்கறேன்.