எப்ஸ்டீன் மரணம்: அலட்சியமே காரணம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவர் வழக்கறிஞர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, உயர் நீதிமன்றக் கிளையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்த ஒத்தக்கடையில் திரண்டிருக்கும் பெரியோர்களே, சட்டக் கல்லூரி மாணவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"சிறையில் எப்ஸ்டீன் இறந்தது சதியாலா, அலட்சியத்தாலா?" என்பது இன்று நம் முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கியதாகக் கைதாகி, 2019 ஆகஸ்டில் நியூயார்க் சிறையில் இறந்த அமெரிக்கப் பெரும்பணக்காரர்தான் இந்த எப்ஸ்டீன். அலட்சியத்தால்தான் என்று வாதிட நான் எழுந்திருக்கிறேன். அப்படிச் சொல்வதால் சிறை அதிகாரிகளுக்குப் பரிந்து பேச வந்தவள் என்று யாரும் என்னை எண்ணிவிட வேண்டாம். சதி என்று சொல்லிவிட்டால் முகம் தெரியாத யாரோ ஒருவர் குற்றவாளியாகிறார். அலட்சியம் என்று சொன்னால்தான் பெயரும் பதவியும் கையெழுத்தும் உடையவர்கள் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

எதிரணித் தலைவர் நான்கு செய்திகளை முன்வைத்தார். இறந்தவரின் கழுத்தெலும்பு முறிந்திருந்தது, கேமராக்கள் வேலை செய்யவில்லை, காவலர்கள் உறங்கிவிட்டார்கள், அவர் வாய் திறந்திருந்தால் உலகப் பெரும்புள்ளிகள் பலர் சிக்கியிருப்பார்கள் என்றார். நிறைவாக, சாத்தான்குளத்தை அறிந்த நாம் காவலில் நடக்கும் எந்தச் சாவையும் சொன்னபடியே நம்பலாமா என்று கேட்டார். அவையின் கைதட்டலில் பெரும்பகுதி அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் கிடைத்தது. அதற்கு நான் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் நியூயார்க்கில் நடந்ததை நாள்வாரியாகப் பார்த்துவிடுவோம்.

ஜெஃப்ரி எப்ஸ்டீன் 2019 ஜூலை 6 அன்று கைது செய்யப்பட்டார். 14 வயதுச் சிறுமிகளையும் விட்டுவைக்காமல் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கினார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அது மெய்ப்பிக்கப்பட்டால் 45 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைத்திருக்கும். ஜூலை 18 அன்று பிணை மறுக்கப்பட்டது. ஜூலை 23 அதிகாலையில், மன்ஹாட்டன் சிறையின் அறையில், கழுத்தில் காயங்களுடன் கிடந்தார். தற்கொலைக் கண்காணிப்பில் வைத்தார்கள். ஏறத்தாழ 31 மணி நேரத்தில் அந்தக் கண்காணிப்பு விலக்கப்பட்டது. ஜூலை 30 அன்று முன்பிருந்த தனிக்காவல் பிரிவுக்கே திரும்ப மாற்றியபோது, இவருடன் எப்போதும் இன்னொரு கைதி அறையில் இருக்க வேண்டும் என்று சிறையின் உளவியல் பிரிவு 70-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. ஆகஸ்ட் 9 காலையில் அந்த உடன்கைதி வேறிடத்திற்கு மாற்றப்பட்டார். அவருக்குப் பதிலாக யாரையும் அந்த அறையில் சேர்க்கவில்லை. மின்னஞ்சலைப் பெற்ற 70-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர் நினைவுபடுத்தியிருந்தால் போதும்.

அன்று மாலை, தாயோடு பேச வேண்டும் என்று கேட்ட எப்ஸ்டீனை, பதிவு செய்யப்படாத தொலைபேசியில் பேச அனுமதித்தார்கள். அவருடைய தாய் பல ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டவர். அதை யாரும் சரிபார்க்கவில்லை. அதன் பிறகு அவர் தனி அறையில் பூட்டப்பட்டார். அந்த அறையில் தேவைக்கு மிஞ்சிய படுக்கைத் துணிகள் இருந்தன. அந்தப் பிரிவின் காவலர்கள் 30 நிமிடத்திற்கு ஒருமுறை சுற்றி வந்து பார்க்க வேண்டும். நள்ளிரவு 12 மணிக்கும், 3 மணிக்கும், 5 மணிக்கும் கைதிகளை எண்ண வேண்டும்.

நடுவர் அவர்களே, அந்த இரவை உங்கள் கண்முன் நிறுத்த விரும்புகிறேன். காவலர்களின் மேசைக்கும் எப்ஸ்டீனின் அறைக்கும் இடையே ஏறத்தாழ 15 அடிதான் தொலைவு. மேசையில் இருவர் இருந்தார்கள். இருவருமே மிகைநேரப் பணியில் இருந்தவர்கள். இணையத்தில் மரச்சாமான் விற்பனையையும் மோட்டார் சைக்கிள்களையும் பார்த்தார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அசைவின்றி, உறங்குபவர்களைப் போல அமர்ந்திருந்தார்கள். சுற்றி வந்ததாகவும் எண்ணியதாகவும் படிவங்களில் மட்டும் கையெழுத்து விழுந்துகொண்டே இருந்தது. நடக்காத சுற்றுகளை நடந்ததாகச் சொல்லும் பதிவுகள் 75-க்கு மேல் இருந்ததாகக் குற்றப்பத்திரிகை சொல்கிறது. காலை ஆறரை மணியளவில் உணவு கொடுக்கச் சென்றபோதுதான் அவர் தூக்கில் தொங்கியது தெரியவந்தது.

காவலர்கள் ஏன் உறங்கினார்கள், யாராவது உறங்கச் சொன்னார்களா என்று எதிரணியினர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சிறையின் சீர்கேடு எப்ஸ்டீனுக்காகத் தொடங்கியதன்று. அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, ஆள் பற்றாக்குறை, மிகைநேரப் பணி, பழுதான கேமராக்கள், கைதிகளை எண்ணாமலேயே எண்ணியதாக எழுதும் வழக்கம் ஆகியவை சிறைத் துறையில் நெடுங்காலமாகத் தொடர்பவை என்று சொல்கிறது. கேமராக்களைப் பொறுத்தவரை, பதிவுக் கருவியின் கோளாறால் ஏறக்குறைய பாதிக் கேமராக்கள் ஜூலை 29 முதலே பதிவு செய்யவில்லை. எப்ஸ்டீன் அந்தப் பிரிவுக்குத் திரும்பியது அதற்கு மறுநாள்தான். கோளாறு ஆகஸ்ட் 8 அன்று கண்டுபிடிக்கப்பட்டும் உடனே சரிசெய்யப்படவில்லை. பதிவு செய்த கேமரா ஒன்று, அந்த அறைவரிசைக்குப் போகும் வழியின் ஒரு பகுதியைக் காட்டியது. அறைக்கதவு அதில் தெரியாது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கேமராவின் பதிவு என்று 2025 ஜூலையில் அமெரிக்க அரசு வெளியிட்ட காணொளியில் நள்ளிரவுக்கு முன் ஏறக்குறைய ஒரு நிமிடம் விடுபட்டிருந்ததும் உண்மைதான். வெளியிடும் முன் அதைக் கவனித்து விளக்கம் சொல்லாததே ஓர் அலட்சியம். கேட்ட பிறகு சொன்ன விளக்கம் எத்தனை பேருடைய காதில் ஏறும்?

கழுத்தெலும்பைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. அது ஹயாய்டு என்னும் சிறிய எலும்பு. எப்ஸ்டீனின் சகோதரர் அமர்த்திய மருத்துவர் மைக்கேல் பேடன், முறிவுகள் கழுத்தை நெரித்ததையே காட்டுவதாகச் சொன்னார். நியூயார்க் நகரின் தலைமை மருத்துவ ஆய்வாளர் பார்பரா சாம்ப்சன் அதை மறுத்து, தற்கொலையே என்று உறுதி செய்தார். வயதானவர்கள் தூக்கிட்டுக்கொள்ளும்போதும் அந்த எலும்பு முறியக்கூடும். இறந்தபோது எப்ஸ்டீனுக்கு வயது 66. ஓர் எலும்பை மட்டும் வைத்துக் கொலை என்று தீர்ப்பெழுத முடியாது.

இப்போது சாத்தான்குளத்திற்கு வருகிறேன். 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகக் கூறி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்த நாள்களில் உயிரிழந்தார்கள். தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டதாகக் காவல்துறை எழுதி வைத்தது. மக்கள் அதை நம்பவில்லை. நம்பாதது முழுக்க முழுக்கச் சரி. ஆனால் அந்த நம்பாமை என்ன செய்தது என்பதைத்தான் இந்த அவை கவனிக்க வேண்டும். எந்த நிலையம், எந்த இரவு, அப்போது பணியில் யார் யார் என்று அது கேட்டது. மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. நீதித்துறை நடுவர் நிலையத்திற்குள்ளேயே சென்று விசாரித்தார். கேமராப் பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர்தான் எழுதினார். அந்த நிலையத்திலேயே பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், அச்சத்தின் நடுவிலும், தாம் கண்டதைச் சொன்னார். அதன் பிறகே கொலை வழக்கு நின்றது; விசாரணை மதுரை நீதிமன்றத்தில் நடந்தது.

2025 ஜூனில் திருப்புவனம் பக்கத்து மடப்புரத்திலும் இப்படித்தான். கோயில் காவலாளி ஒருவர் விசாரணையின்போது இறந்தார். மறைந்திருந்து ஒருவர் கைப்பேசியில் எடுத்த காணொளியும், 44 காயங்களைப் பட்டியலிட்ட உடற்கூறாய்வு அறிக்கையும் நீதிமன்றத்தின் முன் வந்தன. நம் ஊரில் பெரியாசுபத்திரிப் பிணவறை வாசலில் உடலை வாங்க மறுத்து உட்காரும் குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் கேட்பது என்ன? நீதித்துறை நடுவர் விசாரணை வேண்டும், மருத்துவர்களின் சோதனையை வீடியோ எடுக்க வேண்டும், அறிக்கையின் நகல் கையில் வேண்டும். கிடைக்கக்கூடிய பதிலைத்தான் அவர்கள் கேட்கிறார்கள், கிடைத்தால் எழுந்துகொள்வார்கள். எப்ஸ்டீனைச் சுற்றி எழுந்த கதைகளை அந்தக் கேள்விகளோடு ஒரே வரிசையில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கொன்றவர் யார் என்பதற்கு அரசியலுக்கு ஏற்ப ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். சான்று கிடைக்காவிட்டால் மறைத்துவிட்டார்கள் என்பதற்கு அதுவே சான்று என்கிறார்கள், கிடைத்தால் போலி என்கிறார்கள். அந்த ஐயம் தீர எதைக் காட்ட வேண்டும் என்று எதிரணியினர் சொல்லட்டும்.

பெரும்புள்ளிகள் தப்பினார்களே என்பது அவர்களுடைய வலுவான வாதம். ஆம், தப்பினார்கள். ஆனால் அந்தத் தப்பித்தல் சிறை அறையின் இருட்டில் நடக்கவில்லை. 2007-இல் ஃபுளோரிடாவில் அரசு வழக்கறிஞர்களே எப்ஸ்டீனுடன் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். கூட்டாளிகள் யாராயினும் அவர்கள் மீதும் வழக்கு இல்லை என்று அதில் எழுதினார்கள். பாதிக்கப்பட்ட பெண்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 2008-இல் 18 மாதத் தண்டனை பெற்ற அவர் ஏறத்தாழ 13 மாதங்களே சிறையில் இருந்தார். அதிலும் பகலில் வெளியே சென்று அலுவலகத்தில் அமர அனுமதி இருந்தது. இதை வெளிக்கொணர்ந்தவர் மயாமி ஹெரால்டு நாளிதழின் ஜூலி பிரவுன். நீதிமன்றக் கோப்புகளைப் படித்து, பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடிச் சென்று பேசி, 2018 நவம்பரில் அவர் எழுதினார். அடுத்த ஆண்டு அந்த ஒப்பந்தம் பாதிக்கப்பட்டோரின் உரிமையை மீறியது என்று நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். ஒப்பந்தம் எழுதிய நாளில் அந்த அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் தலைமையில் இருந்து, பின்னாளில் அமைச்சரான அலெக்சாண்டர் அகோஸ்டா 2019 ஜூலையில் பதவி விலகினார். இந்தக் காகிதத்தைப் பற்றி ஆயிரம் பேர் பேசினால், கழுத்தை நெரித்தவர் யார் என்று லட்சம் பேர் பேசுகிறார்கள். அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

2019 ஆகஸ்ட் 27 அன்று, வழக்கை மூடும் முன், நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் பாதிக்கப்பட்ட பெண்களைப் பேச அழைத்தார். இருபதுக்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்கள் அந்த அவையில் ஒலித்தன. அவரைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கும் நாளை அவருடைய சாவு தங்களிடமிருந்து பறித்துவிட்டது என்று பலர் அழுதார்கள். சிலர் பள்ளிப் பருவத்தில் தங்களுக்கு நேர்ந்ததை முதன்முறையாக வெளியே சொன்னார்கள். அவர்களில் ஒருவருடைய முகமாவது நம் கைப்பேசிக்கு வந்த காணொளிகளில் இருந்ததா? எப்ஸ்டீனின் தீவும் விமானமும் கழுத்தெலும்பும்தான் வந்தன.

இறுதியாக, அலட்சியம் என்றால் யாருக்கும் தண்டனை இல்லாமல் போகும் என்று எதிரணித் தலைவர் அஞ்சினார். பொய்ப் பதிவு எழுதிய இரு காவலர்கள் மீதும் 2019 நவம்பரில் வழக்குப் போடப்பட்டது. சமூகப் பணி செய்வதாகவும் விசாரணைக்கு ஒத்துழைப்பதாகவும் 2021-இல் உடன்பாடு எட்டி, சிறை செல்லாமலேயே அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். உடன்கைதியை நியமிக்க மறந்த மேலதிகாரிகளில் ஒருவரும் அந்தச் சாவுக்காகச் சிறை சென்றதில்லை. அதே 2021-இல் சிறைக் கட்டடத்தையும் மூடிவிட்டார்கள். அத்தனையும் நடந்தபோது ஊர் முழுக்க மறைந்திருக்கும் கொலைகாரனைத் தேடிக்கொண்டிருந்தது. பெயர் தெரிந்தவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆள் இல்லை. நடுவர் அவர்களே, அந்தப் பெயர் தெரிந்தவர்கள் மீதே பொறுப்பைச் சுமத்தித் தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.